பெனிட்டாவின் 6.46

ஜூன் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு பத்து. நான் அலுவலகத்தில் இருந்தேன். என் மகள் பெனிட்டா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவளுடைய பி.எஸ்சி. இயற்பியல் மூன்று வருடப் படிப்பின் மொத்த முடிவு அது. எல்லாத் தாளிலும் தேர்ச்சி. அரியர் ஒன்றும் இல்லை. கடைசி வரியில் 6.46 என்று இருந்தது.

வேண்டியது 6.5.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அதே எண்தான். எதிர் மேஜையில் இருந்தவர் ஏதோ கோப்பைப் பற்றிக் கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சாயங்காலம் பஸ் வைகைப் பாலத்தைத் தாண்டியதும் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். இருபத்தாறு வருடமாக நான் இறங்குகிற நிறுத்தம் அது.

அன்பானவர்களே, இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருப்பது சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். வயது ஐம்பத்தொன்று. ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீடு செல்லூரில், தறிச் சத்தம் கேட்கிற சந்தில். என் கணவர் விசைத்தறி பழுது பார்ப்பவர். எங்களுக்கு ஒரே மகள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் டைரி எழுதுகிறேன். நடந்த நேரம், சொன்ன வார்த்தை, வந்த கடிதம், எடுத்த மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். மகளுடைய மதிப்பெண்களும் இருந்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து.

இப்போதைய கல்லூரிக் கணக்கு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செமஸ்டருக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு புள்ளி கொடுப்பார்கள். அதற்கு ஜிபிஏ என்று பெயர். ஆறு செமஸ்டருக்கும் சேர்த்துக் கடைசியில் கொடுப்பது சிஜிபிஏ. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற இடங்களில் அந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பெனிட்டா முதல் வருடம் 7.2, 7.0 என்று வாங்கினாள். இரண்டாம் வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாற்பது நாள் படுக்கை. எழுந்து போய் எழுதிய இரண்டு செமஸ்டரிலும் 5.6, 5.7 என்று இறங்கிவிட்டது. பிறகு எழும்பினாள். மூன்றாம் வருடம் இரண்டு செமஸ்டரிலும் 6.8. நுழைவுத் தேர்வு எழுதி, வெளி மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.க்குத் தற்காலிக இடமும் வாங்கிவிட்டாள். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் யாரும் அவ்வளவு தூரம் போய்ப் படித்ததில்லை. இறுதி முடிவு 6.5க்குக் குறையக் கூடாது, அதற்கான சான்றை ஜூன் இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

ஐந்தாவது செமஸ்டர் முடிந்ததும் அவள் கல்லூரியில் இம்ப்ரூவ்மெண்ட் பரீட்சைக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். பழைய தாள்களில் மதிப்பெண் போதாது என்று நினைப்பவர்கள் திரும்ப எழுதலாம். உடம்பு சரியில்லாத காலத்தில் எழுதிய இரண்டு தாளைத் திரும்ப எழுத வேண்டும் என்று பெனிட்டா கேட்டாள். நான் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆறாவது செமஸ்டரிலும் 6.8 வாங்கினால் மொத்தம் 6.52 வருகிறது. அவள் விண்ணப்பிக்க இருந்த பல்கலைக்கழகம் கேட்கிற 6.5க்கு மேல். இரண்டு முறை சரிபார்த்தேன். தேவையில்லை, இருக்கிற பாடத்தில் கவனம் வை என்று சொல்லிவிட்டேன். சும்மா எழுதிப் பார்க்கிறேனே என்று அவள் இன்னொரு முறை கேட்டாள். நான் விண்ணப்பத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஆறு எண்களைக் கூட்டி ஆறால் வகுத்திருந்தேன். அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் கிரெடிட் என்று ஓர் எடை இருக்கிறது. கிரெடிட் அதிகம் உள்ள செமஸ்டர் மொத்தத்தை அதிகமாக இழுக்கும். அவள் படுத்துக் கிடந்த அந்த இரண்டு செமஸ்டருக்குத்தான் கிரெடிட் அதிகம். முடிவு வந்த அன்று வீட்டில் அவளிடம், 6.52 எப்படி 6.46 ஆகும், கல்லூரியில் தப்புப் போட்டிருக்கிறார்கள் என்று சத்தம் போட்டேன். அவள் மதிப்பெண் பட்டியலில் கிரெடிட் என்ற கட்டத்தைக் காட்டினாள். எல்லா செமஸ்டரும் ஒரே எடை கிடையாது என்றாள்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன்.

"லேசா சந்தேகம் இருந்துச்சும்மா. நீ ரெண்டு தடவ செக் பண்ணேன்னு சொன்னியே."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதினோம். நோயைப் பற்றி எழுதினோம். மருத்துவச் சான்று வைத்தோம். திங்கட்கிழமை மூன்று வரியில் பதில் வந்தது. குறைந்தபட்சத் தகுதியில் தளர்வு கிடையாது. அந்த வாரம் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். வெறும் 0.04 தானே என்று. அவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு நடக்கிற பெலன்கூடக் குறைந்துகொண்டு வந்தது.

என் கணவர் எதையும் வேடிக்கையாகச் சொல்லிக் கடக்கிறவர். "தறியில நாலு நூலு அறுந்தா நான் முடிச்சுப் போட்டு ஓட்டிருவேன். அம்புட்டு பெரிய யுனிவர்சிட்டில முடிச்சுப் போட ஒரு ஆளு இல்லியா?" என்றார். பெனிட்டா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜெபித்தேனா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து முழங்காலில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்த எண்ணை மாற்றித் தாரும் என்று கேட்டேன். ஏற்கனவே அச்சாகிவிட்ட எண். ஒரு பொறுப்பான அலுவலர் மேலதிகாரியிடம் கேட்கக் கூடாத காரியத்தைக் கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் கேட்டேன். மூன்றாம் நாள் வார்த்தை வரவில்லை. நான்காம் நாள் எழுந்தேன், பால் காய்ச்சினேன், வேலைக்குப் போனேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெறும் அலுப்பு. எலும்பு வரைக்கும் அலுப்பு.

எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்லூரில் எட்டுக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் ஒரு எவர்சில்வர் டப்பா சுற்றி வரும். அவரவர் தேவையை ஒரு சீட்டில் எழுதிப் பேர் போட்டு அதில் போடுவோம். கூட்டத்தை நடத்துகிற ஞானமுத்து அண்ணன் எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பார். பிறகு டப்பாவைக் குலுக்கி ஆளுக்கு ஒரு சீட்டு எடுப்போம். யாருடைய சீட்டு நம் கைக்கு வருகிறதோ, அடுத்த புதன்கிழமை வரை ஒவ்வொரு நாளும் அவருக்காக ஜெபிக்க வேண்டும்.

ஜூன் பதினொன்றாம் தேதிக் கூட்டத்தில் நான் எழுதிய சீட்டில் இருந்தது இரண்டே வார்த்தை: மகளின் மேற்படிப்புக்காக.

அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அந்த எட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை விண்ணப்பம், வருமானச் சான்று எல்லாம் நிரப்பிக் கொடுப்பது நான்தான். எஸ்தர் பார்த்தால் பிழை இருக்காது என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவள் சொந்த மகளின் கணக்கைத் தப்பாகப் போட்டாள் என்று ஞானமுத்து அண்ணன் சத்தமாக வாசித்து அவர்கள் கேட்பதா? ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நானே போய் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எட். விண்ணப்பம் வாங்கி வந்தேன். பெனிட்டா உட்கார்ந்து நிரப்பினாள். அப்பாவுக்கும் மூட்டு வலி, நான் இங்கேயே இருப்பதும் நல்லதுதான் என்றாள். பல்கலைக்கழகத்துக்கு இடம் வேண்டாம் என்று எழுதும் கடிதத்தையும் நானே தட்டச்சு செய்து அவள் மின்னஞ்சலில் வைத்தேன். வியாழக்கிழமை அனுப்பிவிடலாம் என்று பேச்சு. அவர்கள் நிராகரிப்பதற்கு முன் நாமே விலகிக்கொள்வது கௌரவம் என்று நினைத்தேன். அன்று அவள் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய் வெகு நேரம் வரவில்லை. நான் படியேறிப் பாதி வரை போனேன். மேலே போகத் தைரியம் இல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் பதினெட்டு, புதன்கிழமை. கூட்டம் எங்கள் வீட்டு முறை. வேறு யார் வீட்டில் என்றாலும் நான் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்திருப்பேன். பாயை விரித்துப் போட்டேன். ஆறரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கமலாக்கா மட்டும் வரவில்லை. அவர் எப்போதும் தாமதம்தான். ஒரு மகளிர் கல்லூரியின் பரீட்சைப் பிரிவில் அலுவலக உதவியாளர். விடைத்தாள் கட்டுகளைத் தூக்கி, சான்றிதழ்களை அடுக்கி, ஜன்னலில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. பேச்சு கொஞ்சம் சத்தமாக இருக்கும். மனதில் தோன்றியதை அப்படியே சொல்லிவிடுவார். உண்மையைச் சொன்னால் நான் அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே உட்காருவேன்.

ஆறு ஐம்பதுக்கு வந்தார். பரவை மார்க்கெட்டில் காய் வாங்கிவிட்டு நேராக வந்திருந்தார். பையை நிலைப்படி ஓரம் வைத்துவிட்டு உட்காருவதற்கு முன்பே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எஸ்தரு, போன வாரம் உன் சீட்டு எனக்குத்தான் வந்துச்சு. மேற்படிப்புக்காகன்னு போட்ருக்க. என்ன படிப்பு, எங்கிட்டு, என்ன தடங்கலு, ஒன்னும் இல்ல. நான் என்னத்தன்னு ஜெபிக்கிறது?"

ஆண்டவருக்குத் தெரியுமே அக்கா என்று சொன்னேன். சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா? வாரம் பூரா முட்டி போட்டது நானுல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. என் வீட்டில், என் பாயில், எட்டுக் குடும்பத்துக்கு முன்னால். பெனிட்டா சமையலறை வாசலில் தம்ளர்களோடு நின்றாள். அவளைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். 6.5 வேண்டும் என்பதையும் 6.46 வந்ததையும் சொன்னேன். அவள் திரும்ப எழுதுகிறேன் என்று கேட்ட பரீட்சையை நான்தான் தடுத்தேன் என்பதையும், கூட்டி வகுத்த என் கணக்கு தப்பு என்பதையும், நாளைக்கு விலகல் கடிதம் அனுப்பப் போகிறோம் என்பதையும் சொன்னேன்.

ஞானமுத்து அண்ணன் ஜெபிப்போம் என்று தொண்டையைச் செருமினார். கமலாக்கா கையைத் தூக்கினார்.

"இருங்கண்ணே. எஸ்தரு, அந்த 6.46 எந்தப் பார்ட்டுல?"

எனக்குப் புரியவில்லை. மொத்தம் என்றேன்.

"மொத்தம் தெரியுது. பார்ட் ஒன்னு தமிழு, பார்ட் ரெண்டு இங்கிலீசு. பார்ட் மூணுதான் அவ பிசிக்ஸும் அது கூட உள்ள அலைடு பாடமும். எம்.எஸ்சி.க்குப் போற புள்ளைகளுக்கு நெறைய எடத்துல பார்ட் மூணுதான் பாப்பாய்ங்க. வருசா வருசம் எங்க ஜன்னல்ல வந்து நின்னு அதத்தான தனியா எழுதி வாங்கிட்டுப் போகுதுக. இவ எடத்துல எதக் கேட்ருக்காய்ங்க?"

பெனிட்டா தம்ளர்களைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பல்கலைக்கழகத்தின் விவரக் குறிப்பைத் திறந்து தகுதி என்ற பகுதிக்குப் போனாள். நான் என் டைரியைத் திறந்தேன். அவள் ஐந்தாவது செமஸ்டர் படிக்கும்போதே அந்தப் பகுதியை நான்தான் பார்த்து எழுதி வைத்திருந்தேன். என் டைரியில் இருந்தது: தகுதி, குறைந்தது 6.5. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேருமே மூலத்தைத் திரும்பப் பார்க்கவில்லை. அம்மா எழுதி வைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள். நான் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நான்.

அவள் வாசித்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. முதன்மைப் பாடத்திலும் துணைப் பாடங்களிலும் சேர்த்துக் குறைந்தது 6.5. மின்னஞ்சலில் நாங்கள் மொத்த எண்ணைச் சொல்லித் தளர்வு கேட்டிருந்தோம். தளர்வு இல்லை என்று அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதற்குச் சரியான பதில்தான்.

ஒவ்வொரு செமஸ்டர் பட்டியலையும் எடுத்து வந்தேன். பேனாவைத் திறந்தேன். கமலாக்கா என் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"நீ போடாத தாயி. அவ போடட்டும்."

பெனிட்டா தரையில் உட்கார்ந்து கிரெடிட்டோடு பெருக்கிப் போட்டாள். தமிழையும் ஆங்கிலத்தையும் மற்றப் பொதுத் தாள்களையும் விட்டுவிட்டு இயற்பியலும் கணிதமும் வேதியியலும் மட்டும். எட்டு வீட்டு ஆட்களும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 6.62 வந்தது. இன்னொரு முறை போட்டாள். 6.62.

என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன். ஞானமுத்து அண்ணன் அப்போதுதான் ஜெபித்தார். வழக்கமாக நீளமாக ஜெபிப்பவர். அன்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கையில் இரண்டு நாள் இருந்தது. இணையத்தில் வந்த முடிவில் மொத்த எண் மட்டும்தான் இருந்தது. பார்ட் வாரியாகப் போட்ட பட்டியல் அச்சாகி வர மூன்று வாரம் ஆகும். அதற்கு முன்னால் பார்ட் மூன்றுக்கு மட்டும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் தனிச் சான்று வாங்க வேண்டும். என்ன பேர் சொல்லிக் கேட்க வேண்டும், எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று கமலாக்கா வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். இந்த முறை எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டினேன்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பெனிட்டாவோடு அவள் கல்லூரிக்குப் போனேன். பரீட்சைப் பிரிவில் முதலில் முடியாது என்றார்கள். பெனிட்டா சான்றின் சரியான பேரைச் சொன்னதும் உள்ளே போய்க் கேட்டு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். 6.62. ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய அம்மா திங்கட்கிழமை வரை விடைத்தாள் திருத்தும் முகாமில் இருக்கிறார் என்றார்கள். திங்கட்கிழமை என்றால் எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அந்த முகாமுக்குப் போனோம். வெளி ஆட்களை உள்ளே விடுவதில்லை என்றார் வாசல்காரர். வேப்ப மரத்தடியில் நின்றோம். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. பெனிட்டா இரண்டு முறை தண்ணீர் வாங்கி வந்தாள். என் கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆண்டவரே, நான் நிற்கிறேன், என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று மட்டும் சொன்னேன். அதுதான் அந்த மாதத்தில் நான் உண்மையாகச் செய்த ஜெபம் என்று நினைக்கிறேன். மூன்று மணி ஆனபோது நான் வாசல்காரரிடம் போய் முழுக் கதையையும் சொன்னேன். மகள், ஐந்து மணி, ஒரு கையெழுத்து, இடம் போய்விடும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டு அவரே உள்ளே போனார்.

பத்து நிமிடத்தில் அந்த அம்மாவே வெளியே வந்துவிட்டார். கையில் முத்திரையும் இருந்தது. வாசல் திண்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"காலைல இருந்தா நிக்கிறீங்க? இதச் சொல்லியிருந்தா அப்பவே வந்துருப்பேனேம்மா" என்றார்.

மூன்று இருபது. ஆட்டோ பிடித்துச் சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வந்தோம். முதல் முறை ஏற்றியபோது கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திரும்பிவிட்டது. கடைக்காரர் சுருக்கிக் கொடுத்தார். நான்கு இருபத்திரண்டுக்குப் பச்சை நிறத்தில் பெறப்பட்டது என்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கடை வாசலில் இருந்த படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எழுந்து ஏறத் தெம்பு இல்லை.

"அன்னைக்கு அம்புட்டு பேரு முன்னாடி ஏன்மா சொன்ன, உன் தப்புன்னு?" என்று கேட்டாள்.

என் தப்புதானே என்றேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றேன். பெற்ற மகளிடம் அந்த வார்த்தையை நான் அதற்கு முன் சொன்னதே இல்லை. அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பி.எட். விண்ணப்பத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டாள். பதில் வரட்டும் என்றேன். அவ்வளவு விசுவாசம்தான் எனக்கு இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஜூன் இருபத்தேழாம் தேதி காலை பதினொன்றரைக்குப் பதில் வந்தது. இடம் உறுதி. பிறகு விண்ணப்பத்தை அவளே கிழித்தாள். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை அவளையும் இரண்டு பெட்டிகளையும் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தோம். திரும்பி வந்ததும் என் கணவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, முடிச்சுப் போட ஆள் இருந்திருக்கு என்று மட்டும் சொன்னார்.

எண் மாறவில்லை. அவள் சான்றிதழில் 6.46 இப்போதும் 6.46 ஆகத்தான் இருக்கிறது. அதை மாற்றித் தாரும் என்று நான் கேட்டது கொடுக்கப்படவில்லை. திறந்திருந்த கதவை நான் பூட்டியிருக்கிறது என்று என் கையால் எழுதி வைத்திருந்தேன். அதைத் திறந்து காட்ட ஆண்டவர் என் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். நான் தள்ளி உட்காருகிற ஆளை.

இப்போது நான் மகளுடைய மதிப்பெண்களை எழுதி வைப்பதில்லை. கேட்பதும் இல்லை. முதல் உள்தேர்வில் ஒரு தாளில் குறைந்துவிட்டது என்று அவளே கூப்பிட்டுச் சொன்னாள். எவ்வளவு என்பதையும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். எங்கள் புதன்கிழமைச் சீட்டுகளும் நீண்டுவிட்டன. ஒருவர் தன் சர்க்கரை அளவை எண்ணோடு எழுதுகிறார். ஒரு அம்மா மருமகளோடு என்ன சண்டை என்பதை முழுதாக எழுதுகிறார். வாசித்து முடிக்கவே ஏழே முக்கால் ஆகிவிடுகிறது என்று ஞானமுத்து அண்ணன் குறைப்படுகிறார். நான் கமலாக்கா பக்கத்தில் உட்காருகிறேன். தாமதமாக வந்தால் இடம் பிடித்து வைக்கிறேன்.

அலுப்பு போய்விட்டதா என்றால், போகவில்லை. கால் வீக்கம் இருக்கிறது. வீடு காலியாக இருக்கிறது. சில காலைகளில் இன்னும் வார்த்தை வருவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட காலையைக் கண்டு இப்போது பயமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் கமலாக்காவிடம் கேட்டேன். அந்த வாரம் என் சீட்டில் ஒன்றுமே இல்லையே, என்னதான் ஜெபித்தீர்கள் என்று.

"என்னத்த ஜெபிக்க? ஆண்டவரே, இந்த எஸ்தருக்கு என்னமோ வேணுமாம், எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறா, நீரே பாத்துக்கிரும்னேன். ஏழு நாளும் அதேதான்."

அந்த ஏழு நாளும் நான் ஜெபிக்கவே இல்லை. எழுந்தேன், பால் காய்ச்சினேன், வேலைக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி ஒருவர் காரியம் இன்னதென்று தெரியாமலே எனக்காக முழங்காலில் நின்றிருக்கிறார். அது கேட்கப்பட்டது.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப் போலக் களைத்துப்போனவர்கள் இருப்பீர்கள். பிள்ளையின் படிப்பாக இருக்கலாம், உடம்பாக இருக்கலாம், வெளியே சொல்ல வெட்கப்படுகிற காரியமாக இருக்கலாம். உங்களுக்கு நான் பெரிய விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல வரவில்லை. என்னிடம் அது இல்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் காரியத்தை முழுதாகச் சொல்லுங்கள். உங்களால் கேட்க முடியாத நாளில் அவர் உங்களுக்காகக் கேட்கட்டும். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.